ஊர் முழுக்க ஒரே நாளில் இலவச இசை: பின்னால் இருப்பவர்கள் பார்க்கும் வேலை

ஜூன் 21 அன்று நியூயார்க்கில் நடந்து போனால் ஒரு காபிக் கடை வாசலில் ஒருவர் கிட்டார் வாசித்துக்கொண்டிருப்பார். அடுத்த தெருப் பூங்காவில் ஐம்பது பேர் வட்டமாக நின்று ஹார்மோனிகா ஊதுவார்கள். நூலகப் படிக்கட்டில் பள்ளிப் பிள்ளைகள் பித்தளை வாத்தியங்களோடு நிற்பார்கள். டிக்கெட் கிடையாது, வேலி கிடையாது, முன்வரிசை நாற்காலியும் கிடையாது. ஆளாளுக்கு வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்கள் என்றுதான் பார்க்கிறவருக்குத் தோன்றும். அந்த ஐம்பது ஹார்மோனிகாவும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும், காபிக் கடைக்காரர் ஒரு பிளக் பாயின்ட்டை விட்டுத்தர வேண்டும், போலீஸ் வந்து பாதியில் நிறுத்தாமல் இருக்க வேண்டும். இதற்காகச் சிலர் ஐந்தாறு மாதம் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள். அந்த உள்ளூர் ஒருங்கிணைப்பாளர்களின் வேலை எப்படி நடக்கிறது, எங்கே சறுக்குகிறது என்று புரிந்துகொள்ள அமெரிக்க நகரங்களில் ஜூன் 21 அன்று நடக்கும் இந்த 'மேக் மியூசிக் டே' விழா நல்ல உதாரணம்.

இதன் வேர் பிரான்சில் இருக்கிறது. 1981இல் கலாசார அமைச்சராக இருந்த ஜாக் லாங், இசை, நடனத் துறைக்கு மொரீஸ் ஃப்ளுரே என்பவரை இயக்குநராக நியமித்தார். நாட்டில் சுமார் 50 லட்சம் பேர் ஏதோ ஒரு வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவர்கள், இளைஞர்களில் இரண்டு பேருக்கு ஒருவர் வாசிக்கிறார் என்று ஓர் ஆய்வு காட்டியது. இத்தனை பேரும் எங்கே வாசிக்கிறார்கள்? வீட்டுக்குள். அவர்களை ஒரு நாள் தெருவுக்குக் கொண்டுவரலாம் என்று, ஆண்டின் மிக நீண்ட பகலான ஜூன் 21ஐத் தேர்ந்தெடுத்து 1982இல் முதல் விழாவை நடத்தினார்கள். 'ஃபெத் த லா மியூசிக்' என்பது அதன் பெயர். பிரெஞ்சில் எழுத்தை மாற்றினால் 'இசை விழா', 'இசை வாசியுங்கள்' என்று இரண்டு பொருளும் வரும், உச்சரிப்பு ஒன்றுதான். புதுச்சேரியில் ஜூன் மாதம் இதே பெயரில் நடப்பதும் இந்த விழாவின் கிளைதான். நியூயார்க் 2007இல் இதை எடுத்துக்கொண்டது. பிறகு மற்ற அமெரிக்க நகரங்களும் சேர்ந்தன. இன்று அந்த நகரங்களுக்குப் பொதுவான மென்பொருளையும் கூட்டு நிகழ்ச்சிகளையும் கொடுக்க 'மேக் மியூசிக் அலையன்ஸ்' என்ற லாப நோக்கில்லாத அமைப்பு இருக்கிறது.

விதிகள் மூன்றுதான். தேதி மாறாது. எல்லா நிகழ்ச்சியும் இலவசம். யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம்.

மூன்றாவதைப் பிடித்துக்கொண்டால் மற்றது புரிந்துவிடும். மார்கழியில் சென்னை சபாக்களின் பகல் கச்சேரிகள் பலவும் இலவசம்தான். ஆனால் யார் வாசிப்பது என்று சபா முடிவுசெய்கிறது. இங்கே தேர்வு கிடையாது. முப்பது வருஷ அனுபவம் உள்ள சாக்ஸபோன்காரருக்கும், போன மாதம் யூகலேலி என்ற குட்டிக் கிட்டார் வாங்கிய ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் ஒரே படிவம். அதனால் நல்ல கலைஞரைக் கண்டுபிடிக்கும் கவலை ஒருங்கிணைப்பாளருக்கு இல்லை. வருகிற எல்லாருக்கும் பொருத்தமான ஓர் இடம் கண்டுபிடிப்பது அவர் தலையில் விழுகிறது.

பொருத்தம் பார்ப்பது

கிட்டத்தட்ட கல்யாணத் தரகர் வேலை. ஒரு பக்கம் இடம் தருகிறவர்கள்: கடைகள், நூலகம், தேவாலய முற்றம், முதியோர் இல்லம், பூங்கா, வீட்டுத் திண்ணை. இன்னொரு பக்கம் வாசிக்கிறவர்கள். இருவரும் இணையத்தில் தனித்தனிப் படிவம் நிரப்புகிறார்கள். மென்பொருள் இரண்டு பட்டியலையும் எதிரெதிரே காட்டும். ஒருவர் கேட்க, மற்றவர் சம்மதித்தால்தான் நிகழ்ச்சி உறுதி.

பொருத்தம் கெடுவது பெரும்பாலும் படிவத்தில் கேட்காமல் விட்ட கேள்வியால்தான். இடம் தருகிறவரிடம் இவற்றைக் கேட்டே ஆக வேண்டும்: ஒலிபெருக்கி வைக்கலாமா, பிளக் பாயின்ட் வாசலிலிருந்து எத்தனை அடி, மாலை நான்கு மணிக்கு அங்கே நிழல் இருக்குமா, மழை வந்தால் உள்ளே விடுவீர்களா, அன்று சாவி யார் கையில் இருக்கும். கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியும். ஆனால் படிவத்தை நிரப்பியவர் கடை முதலாளியாகவும், ஜூன் 21 அன்று கல்லாவில் இருப்பவர் விஷயமே தெரியாத பகுதிநேர ஊழியராகவும் இருந்தால், பாடகர் வாத்தியத்தோடு வாசலில் நிற்பார், உள்ளே இருப்பவர் 'எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே' என்பார். அன்றைக்குக் கடையில் இருக்கப்போகிறவரின் கைபேசி எண் கட்டாயம்.

வாசிக்கிறவரிடம் 'எந்த வகை இசை' என்று கேட்பதைவிட 'எத்தனை பேர், டிரம்ஸ் உண்டா' என்று கேட்பது உபயோகம். வகையைச் சொல்வதில் எல்லாரும் கொஞ்சம் கவிஞர்கள். டிரம்ஸ் உண்டு என்றால் நூலக வாசலில் போட முடியாது என்பது உடனே தெரிந்துவிடும். முழு டிரம்ஸ் செட்டுக்கு மட்டும் 6 அடிக்கு 6 அடி வேண்டும். நாலு பேர் குழுவுக்குக் குறைந்தது 10 அடிக்கு 12 அடி. நடைபாதைக் கடைகளில் பாதிக்கு மேல் இங்கேயே கழிந்துவிடும்.

முதல் வருஷம் 15 இடம் போதும். அறுபது இடம் என்று அறிவித்துவிட்டு இருபதில் ஆளில்லாமல் போவதைவிட, பதினைந்து இடமும் அடுத்தடுத்து நடந்து போகும் தூரத்தில் இருப்பது நல்லது. பத்தில் ஒருவர் வரமாட்டார் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். பணம் வாங்காமல் வருகிறவருக்கு வராமல் இருப்பதும் எளிது. ஒரு வாரம் முன்பு ஒரு செய்தி, முந்தைய நாள் காலை இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில் வராதவரைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும்.

காகித வேலை

ஊருக்கு ஊர் விதி வேறு. நியூயார்க்கை எடுத்துக்கொண்டால், பொது இடத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் வாசிப்பதற்குப் பொதுவாக அனுமதிச்சீட்டு தேவையில்லை. மைக், ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி) எது வந்தாலும் அந்தப் பகுதி காவல் நிலையத்தில் ஒலிக்கருவி அனுமதி வாங்க வேண்டும். முதல் நாளுக்குக் கட்டணம் 45 டாலர். குறைந்தது ஐந்து நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பூங்காவில் 20 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் பூங்காத் துறையிடம் தனி விண்ணப்பம், அதற்கு 25 டாலர். ஆக, ஒரே பூங்காவில் ஒரே மைக்குக்கு இரண்டு அலுவலகம். புதியவர்கள் ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதை மறப்பது வழக்கம். 'எல்லா அனுமதியும் வாங்கியாயிற்று' என்ற வாய்வார்த்தை காவலரிடம் எடுபடாது. அனுமதிச்சீட்டின் நகல் அந்தந்த இடத்தில், வாசிக்கிறவர் கையில் இருக்க வேண்டும்.

நகராட்சி நிலத்தில் நடத்தினால் பொதுப் பொறுப்புக் காப்பீடு கேட்பார்கள். வழக்கமாக ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம் டாலர் வரை ஈடு தரும் பாலிசி, அதில் நகராட்சியின் பெயரும் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். பெயரை நகராட்சி எழுதிக்கொடுத்தபடி எழுத்துக்கு எழுத்து போடாவிட்டால் சான்றிதழ் திரும்பி வரும். ஒரு வாரம் போய்விடும். பதிவுசெய்த அமைப்பு எதுவும் இல்லாத நாலைந்து நண்பர்கள் என்றால், ஏற்கெனவே உள்ள ஒரு தொண்டு நிறுவனத்தின் குடையில் சேர்ந்துகொள்வதுதான் சுலபம். நன்கொடை அதன் கணக்குக்கு வரும், அதில் ஒரு சிறு சதவீதத்தை அது எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது பாடல்களின் உரிமை. அடுத்தவர் பாட்டைப் பொது இடத்தில் பாடுவதற்கு அமெரிக்காவில் உரிமம் வேண்டும். அஸ்காப், பி.எம்.ஐ. போன்ற அமைப்புகள் அதற்கான கட்டணத்தை வசூலிக்கின்றன. ஆனால் காப்புரிமைச் சட்டத்தின் 110ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நேரடியாகவோ மறைமுகமாகவோ வணிக ஆதாயம் நோக்கமாக இருக்கக் கூடாது, வாசிப்பதற்காகக் கலைஞருக்கோ விளம்பரம் செய்பவருக்கோ ஒருங்கிணைப்பாளருக்கோ பணம் தரக் கூடாது, நுழைவுக் கட்டணமும் கூடாது. மூன்றும் சேர்ந்திருந்தால் உரிமம் வேண்டியதில்லை.

நல்லெண்ணம் சிக்கலில் மாட்டுவது இங்கேதான். 'பாவம், சும்மா வாசிக்கிறார்களே, ஆளுக்கு 50 டாலர் கொடுப்போம்' என்று முடிவுசெய்தால் அந்த விலக்கு போய்விடும். கொடுப்பது தவறில்லை, உரிமச் செலவையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். காபிக் கடைக்கும் இந்த விலக்கு பொருந்தாது. கூட்டம் வந்தால் அங்கே காபி விற்கும், அது வணிக ஆதாயம். கடைக்கு ஏற்கெனவே உரிமம் இருக்கிறதா என்று படிவத்திலேயே கேட்டுவிடலாம். நேரலையும் விலக்கில் அடங்காது. பூங்காவில் இலவசமாகப் பாடலாம். அதையே இணையத்தில் ஒளிபரப்பினால் கணக்கு வேறு.

கரண்டும் சத்தமும்

விழா நாளில் வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை இதைப் பற்றித்தான் இருக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

அமெரிக்கச் சுவர் பிளக் 120 வோல்ட். அளவு மீறினால் கரண்டைத் துண்டிக்க அதன் பின்னால் இருக்கும் பிரேக்கர் 15 ஆம்பியர் அல்லது 20 ஆம்பியர். தொடர்ந்து ஓடும் லோடுக்கு அதில் 80 சதவீதம்தான் கணக்கு. 15 ஆம்பியர் என்றால் 12 ஆம்பியர், அதாவது 1,440 வாட். 20 என்றால் 1,920 வாட். ஒரு பாடகர், ஒரு கீபோர்டு, இரண்டு ஸ்பீக்கர் கொண்ட சிறு கச்சேரிக்கு இது தாராளம். ஸ்பீக்கரில் 1,000 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அது உச்சகட்டக் கணக்கு, சராசரியாக இழுப்பது அதில் சிறு பங்கு. பிரேக்கர் டிரிப் ஆவதற்குப் பெரும்பாலும் காரணம் இசை அல்ல. அதே லைனில் யாரோ தண்ணீர் கெட்டிலை மாட்டியிருப்பார்கள். 1,500 வாட் கெட்டில் ஒன்றே 12.5 ஆம்பியர். எந்த பிளக்குகள் ஒரே பிரேக்கரில் இருக்கின்றன என்று கடைக்காரருக்கும் தெரியாது. ஒரு நாள் முன்பு போய், பிரேக்கரை அணைத்து எவையெல்லாம் போகின்றன என்று பார்த்து, விழாவுக்கான பிளக்கில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு வருவது பத்து நிமிட வேலை.

ஒயர் இன்னொரு சங்கதி. வீட்டில் கிடக்கும் மெல்லிய 16 கேஜ் எக்ஸ்டென்ஷன் ஒயர் 100 அடிக்கு இழுத்து, அதில் 10 ஆம்பியர் போனால் வழியிலேயே சுமார் 8 வோல்ட் விழுந்துவிடும். கேஜ் எண் குறைந்தால் ஒயர் தடிமன் கூடும்; 12 கேஜ் ஒயரில் அது 3 வோல்ட் சொச்சம்தான். விலை அதிகம், கனமும் அதிகம், ஆனால் அதைத்தான் வாங்க வேண்டும். உருளையில் சுற்றிய ஒயரை முழுதும் அவிழ்க்காமல் பயன்படுத்தினால் உள்ளே சூடு ஏறி உறை உருகும். நடைபாதையைக் கடக்கும் இடத்தில் ரப்பர் மூடி போட வேண்டும். மற்ற இடங்களில் துணி டேப். அட்டைப்பெட்டிக்கு ஒட்டும் பழுப்பு டேப் வெயிலில் இளகிப் பசையை விட்டுவிடும்.

'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் விடாமல் வந்தால், கீபோர்டு ஒரு சுவரிலும் ஸ்பீக்கர் வேறு சுவரிலும் மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து எடுத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். இரைச்சலை நிறுத்துவதற்காக பிளக்கின் எர்த் முனையை வெட்டும் 'நிபுணர்கள்' எல்லா ஊரிலும் உண்டு. வெட்டிய பிளக்கோடு இருக்கும் கிட்டார் ஆம்பும், இன்னொரு லைனில் இருக்கும் மைக்கும் பாடகரின் உதட்டில் சந்திக்கும், அதாவது ஷாக் அடிக்கும். அப்படிப்பட்ட ஒயரை அங்கேயே பிடுங்கி வைத்துவிட வேண்டும்; தாட்சண்யம் பார்க்க வேண்டாம்.

சத்தத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது ஒலி 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறையும். 4 மீட்டரில் 90 என்றால் 8 மீட்டரில் 84, 16இல் 78, 32இல் 72, 64இல் 66. சாதாரணப் பேச்சு 60 சுற்றி இருப்பதால், 64 மீட்டர் தள்ளி இருப்பவரின் பேச்சையும் அது மூடும். இருபுறமும் உயரமான கட்டடம் இருந்தால் இவ்வளவுகூடக் குறையாது. மைக் வைத்த இரண்டு இடங்களுக்கு நடுவே 100 மீட்டராவது வேண்டும் என்பது இதிலிருந்து வருகிறது. இடமில்லை என்றால் ஸ்பீக்கர்களை முதுகோடு முதுகு திருப்புங்கள். அதுவும் போதாது என்றால் ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் மேடை மாற்றும்படி நேரத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள். எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்து ஸ்பீக்கர் வைத்தால் புகார் நிச்சயம். வாசலில் வைத்துத் தெரு நீளவாக்கில் திருப்பினால் பாதிப் பிரச்சினை தீரும். பக்கத்து வீடுகளுக்கு ஒரு வாரம் முன்பு ஒரு சீட்டு: எத்தனை மணிக்குத் தொடங்கும், எத்தனை மணிக்கு முடியும், யாரைக் கூப்பிட வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால் அவர்கள் கூப்பிடுவது நகராட்சியின் புகார் எண்ணான 311ஐ.

நேரம்

ஒரு குழுவுக்கு 45 நிமிடம் வாசிப்பு, அடுத்த குழுவுக்கு 15 நிமிடம் மாற்றம். டிரம்ஸ் இருந்தால் மாற்றத்துக்கு 30. அல்லது ஒரே டிரம்ஸ் செட்டை நாள் முழுக்க அங்கேயே விட்டுவிட்டு, அவரவர் சிம்பலையும் (உலோகத் தட்டு) ஸ்நேரையும் (சிறு டிரம்) மட்டும் கொண்டுவரச் சொல்லலாம்.

தேதி மாறாது என்ற விதி இங்கே கடிக்கும். 2026இல் ஜூன் 21 ஞாயிறு, அமெரிக்காவில் தந்தையர் தினமும் அன்றுதான். குடும்பங்கள் வெளியே வரும் நாள். 2027இல் திங்கள். வேலைநாளில் காலை பத்து மணிக்கு வணிக வீதியில் வாசிக்க ஆள் வைத்தால் கேட்பதற்குப் புறா மட்டும் இருக்கும். மதிய உணவு நேரத்துக்கு அலுவலகப் பகுதி, மூன்று மணிக்கு நூலகமும் முதியோர் இல்லமும், ஆறு மணிக்குமேல் பூங்கா என்று பிரித்துவிடுவதே வழி. நியூயார்க்கில் அன்று சூரியன் மறைய எட்டரை மணி ஆகும் என்பதால் விளக்குச் செலவு கிடையாது.

கேட்கிறவர்களை நகர்த்துவதற்கு ஒரு நல்ல உத்தியை இதன் பங்காளி விழாவிடமிருந்து கற்கலாம். வீட்டு முன்திண்ணைகளில் வாசிக்கும் 'போர்ச்ஃபெஸ்ட்' 2007இல் நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரில் தொடங்கியது. மாசசூசெட்ஸின் சோமர்வில் நகரம் அதை எடுத்து, ஊரை மேற்கு, நடு, கிழக்கு என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணிநேரம் கொடுத்தது. 12 முதல் 2 வரை மேற்கு, பிறகு நடு, பிறகு கிழக்கு. கூட்டம் சிதறாமல் ஊருக்குள் நகர்ந்து போகிறது. தன் திண்ணையில் வாசித்தவரும் முடித்துவிட்டு அடுத்த பகுதிக்குக் கேட்கப் போகலாம்.

வாசிக்கத் தெரியாதவர்களுக்கு

தெருவில் ஒரே வாத்தியக்காரர்கள் கூட்டமாகச் சேர்ந்து வாசிக்கும் நிகழ்ச்சிகள்தான் புதியவர்களை உள்ளே இழுக்கும். ஹார்மோனிகா வகுப்புக்கு எல்லாமே சி சுருதியில், பத்துத் துளை கொண்டதாக இருக்க வேண்டும். ஒருவர் வீட்டிலிருந்து ஜி சுருதிக் கருவியைக் கொண்டுவந்தால் அவர் பக்கத்திலிருந்து மட்டும் வேறு பாட்டு கேட்கும். வாயில் வைத்ததைத் திரும்ப வாங்கி இன்னொருவரிடம் தர முடியாது. எத்தனை பேரோ அத்தனை கருவி, வீட்டுக்கே எடுத்துப் போகலாம் என்று முன்கூட்டியே நன்கொடை பிடிக்க வேண்டும்.

கையில் காசில்லாத ஊருக்குப் பூந்தொட்டி இசை. மண் தொட்டிகளைக் கவிழ்த்து வைத்து மென்மையான குச்சியால் தட்டுவது. வெவ்வேறு அளவில் வாங்கி, சந்தையில் பானை வாங்குவதுபோல ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். விரிசல் விட்டது 'டொக்' என்று செத்த சத்தம் தரும்.

காசும் மழையும்

'இலவசம்' என்றால் கேட்கிறவருக்கு இலவசம். அச்சு, காப்பீடு, அனுமதி, ஒலிக்கருவி வாடகை, முடிந்தால் ஒரு பகுதிநேர ஒருங்கிணைப்பாளருக்கு ஊதியம் (கொடுத்தால் மேலே சொன்ன உரிம விலக்கு போய்விடலாம்), இவையெல்லாம் செலவுதான். உள்ளூர் வங்கி, இசைக்கருவிக் கடை, வணிகர் சங்கம், மாநிலக் கலை மன்றத்தின் மானியம் என்று நாலு பக்கம் கேட்க வேண்டும். இசையையே தொழிலாக வைத்திருக்கும் கலைஞரை 'நாலு பேருக்குத் தெரியும்' என்று ஆசைகாட்டிக் கூப்பிடுவது நாகரிகமில்லை. விரும்பி வந்தால் வரட்டும். அவரை வேலைக்குத்தான் வேண்டும் என்றால், பட்டறை எடுக்கச் சொல்லி அதற்கான ஊதியத்தைக் கொடுங்கள்.

மழைக்கு மாற்றுத் தேதி கிடையாது. காலை எட்டு மணிக்கு ஒருவர் முடிவெடுக்க வேண்டும்; குழுவாக விவாதித்தால் பத்தாகிவிடும். ஒலிபெருக்கி உள்ள வெளியிடங்கள் ரத்து அல்லது உள்ளே மாற்றம், வெறும் வாத்தியங்களை அந்தந்த இடத்தின் விருப்பத்துக்கு விட்டுவிடுவது என்று இரண்டே வரியில் எல்லாருக்கும் செய்தி. இடி கேட்டால் கரண்ட் உள்ள எல்லாம் உடனே அணைய வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி மைக்.

விழா முடிந்த மூன்று நாளுக்குள் எல்லா இடங்களுக்கும் இரண்டே கேள்வி அனுப்புங்கள்: எத்தனை பேர் நின்று கேட்டார்கள், அடுத்த வருஷம் இடம் தருவீர்களா. ஒரு வாரம் தள்ளினால் பதில் வராது. புகார் வந்த முகவரிகளைத் தனியே குறித்து, பக்கத்தில் அன்று ஸ்பீக்கர் எந்தத் திசையில் இருந்தது என்றும் எழுதி வையுங்கள். அடுத்த ஜனவரியில் இடப் பட்டியலைத் திறக்கும்போது முதலில் தேவைப்படுவது அந்தத் தாள்தான்.